கல்லூரி ஃபுட்பாலில் யாருடைய அட்டவணை கடினம்? எஸ்ஓஎஸ் கணக்கை நீங்களே போட ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்த யாரும் நவம்பர் வந்தால் ஒரு சண்டைக்குள் இழுக்கப்படுவார்கள். "பதினொன்று ஜெயிச்சாங்க, சரி. யாரை ஜெயிச்சாங்க?" என்பதுதான் அந்தச் சண்டை. மேல்மட்டமான எஃப்பிஎஸ் பிரிவில் 2024-இல் 134 அணிகள் இருந்தன. அநேகமாக ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டம்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதனால் வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு அணிகளை ஒப்பிட முடியாது. எதிரே நின்றவர்கள் எவ்வளவு பலசாலிகள் என்ற அளவும் வேண்டும். அதற்குப் பெயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல், சுருக்கமாக எஸ்ஓஎஸ்.

சிக்கல் என்னவென்றால், ஒரே அணிக்கு ஒரு தளம் முதல் பதினைந்துக்குள் இடம் கொடுக்கும், இன்னொன்று நாற்பதுக்கு அப்பால் தள்ளிவிடும். பல தளங்கள் எப்படிக் கணக்கிட்டன என்று முழுதாகச் சொல்வதில்லை. நான் பல இரவுகள் இந்த எண்களை ஒட்டவைக்கப் பார்த்து, கடைசியில் நானே ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெளிந்தேன். அந்த வழியை வரிசையாகத் தருகிறேன்.

1. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும்?

கணக்கைத் தொடங்கும் முன் இரண்டு விஷயம் முடிவாக வேண்டும்.

ஒன்று, எந்த ஆட்டங்கள்? இதுவரை ஆடியவை, இனி ஆடவேண்டியவை, முழு சீசன் என்று மூன்று வகை உண்டு. விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன்னின் எஃப்பிஐ (அணிகளின் பலத்தை அளக்கும் ரேட்டிங்) பக்கத்தில் ஆடி முடித்த அட்டவணைக்கு ஒரு தரவரிசையும் மீதமுள்ள அட்டவணைக்குத் தனியாக இன்னொன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் இதையும் மற்றவர் அதையும் பார்த்துப் பேசுவதால் வருகிறது.

இரண்டு, யாருக்குக் கடினம்? இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிக்கும் நடுத்தர அணிக்கும் ஒரே அட்டவணை ஒரே அளவு கடினமாக இருக்காது. எண்ணோடு 6-ஆம் படியில் காட்டுகிறேன்.

2. தேவையான கோப்புகளும் செலவும்

செலவு: பூஜ்யம். கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும். கட்டணச் சந்தா எதுவும் தேவையில்லை. "துல்லியமான எஸ்ஓஎஸ்" என்று மாதச் சந்தா கேட்கும் பந்தயத் தளங்களை ஒதுக்கிவிடுங்கள். சந்தா கட்டினாலும் சூத்திரத்தைக் காட்ட மாட்டார்கள்.

கோப்புகள் மூன்று:

- சீசனின் எல்லா ஆட்டங்களும் முடிவோடு: தேதி, உள்ளூர் அணி, வெளியூர் அணி, இருவரின் பாயிண்ட், நடுநிலை மைதானமா இல்லையா.
- அணிப் பட்டியல்: பெயர், கான்ஃபரன்ஸ் (பெரும்பாலும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் குழு), எஃப்பிஎஸ்ஸா அதற்கு அடுத்த நிலையான எஃப்சிஎஸ்ஸா.
- ஒப்பிட்டுப் பார்க்க, வெளியே யாராவது போட்ட ஒரு ரேட்டிங் பட்டியல்.

முதல் இரண்டும் காலேஜ் ஃபுட்பால் டேட்டா என்ற தளத்தில் சிஎஸ்வி வடிவில் கிடைக்கும். நிரல் எழுதி எடுப்பவர்கள் மின்னஞ்சல் கொடுத்தால் இலவசச் சாவி வரும். அதற்கு மாத வரம்பு உண்டு என்பதால் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியாகக் கேட்காமல் சீசன் முழுவதையும் ஒரே தடவையில் இறக்குங்கள். மூன்றாவதற்கு மேஸி ரேட்டிங்ஸ் தளம் நல்லது. பல பேருடைய தரவரிசைகளை ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நேரம்: முதல் அமைப்புக்கு ஒரு வார இறுதி. பிறகு வாரத்துக்கு அரை மணி.

3. கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

சலிப்பான படிதான், ஆனால் கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிரிவைத் தேர்ந்தெடுக்காமல் இறக்கினால் சின்னக் கல்லூரிகளின் ஆட்டங்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். எஃப்பிஎஸ் அணி ஒன்றாவது ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டால் சுமார் 900 வரிகள்தான் மிஞ்சும். அதை வைத்து ஒரு சரிபார்ப்பு செய்துகொள்ளலாம்: உங்கள் கோப்பில் 3,000 வரி இருந்தால் வடிகட்டவில்லை என்று அர்த்தம்.

பெயர்கள். மயாமி என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஒன்று ஃப்ளோரிடாவில், ஒன்று ஒஹாயோவில். இரண்டும் எஃப்பிஎஸ்தான். ஒரு கோப்பில் மாநிலப் பெயரோடும் இன்னொன்றில் இல்லாமலும் வந்தால் மேக் என்ற கான்ஃபரன்ஸில் ஆடும் ஒஹாயோ மயாமியின் தோல்விகள், ஏசிசி என்ற கான்ஃபரன்ஸில் ஆடும் ஃப்ளோரிடா மயாமியின் கணக்கில் ஏறிவிடும். சான் ஹோசே ஸ்டேட், ஹவாய் போன்றவற்றில் எழுத்துக்கு மேலே வரும் குறிகள் ஒரு கோப்பில் இருக்கும், மற்றதில் இருக்காது. தேடல் சூத்திரம் வெறுமையைத் திருப்பிக் கொடுக்கும், நீங்களோ அந்த அணி ஆடவே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தேதிகள். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடந்த ஆட்டம் ஞாயிறு என்று பதிவாகும். தேதியை வைத்து வாரம் பிரிக்காதீர்கள், கோப்பிலேயே உள்ள வார எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுநிலை மைதானம். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் ஆண்டுதோறும் டாலஸ் நகரின் காட்டன் பவுல் மைதானத்தில் மோதுகின்றன. அது இருவருக்கும் சொந்த ஊர் இல்லை. ஆனாலும் கோப்பில் யாராவது ஒருவர் 'உள்ளூர் அணி' என்று போட்டிருக்கும். நடுநிலைப் பத்தியைப் பார்க்காமல் விட்டால் ஒருவருக்கு இலவசமாகச் சலுகை போய்விடும்.

கடைசியாக, ஒரு ஆட்டத்தை இரண்டு வரியாக்குங்கள். இண்டியானா கோணத்தில் ஒரு வரி, ஒஹாயோ ஸ்டேட் கோணத்தில் ஒரு வரி. அணி, எதிரணி, பாயிண்ட் வித்தியாசம், இடம். இப்படி வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் வெறும் சராசரிதான்.

4. எளிய வழி: எதிரணிகளின் வெற்றி விகிதம்

2024 இண்டியானாவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சீசனில் 11-1, அதாவது பதினொரு வெற்றி, ஒரு தோல்வி. அவர்கள் யாரோடும் ஆடவில்லை என்று அந்த ஆண்டு முழுக்கப் பேசினார்கள். அவர்களின் எஃப்பிஎஸ் எதிரணிகள் பதினொன்று. பவுல் ஆட்டங்களுக்கு (வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் கூடுதல் ஆட்டங்கள்) முன் அவற்றின் நிலவரம்:

எஃப்ஐயு 4-8, யுசிஎல்ஏ 5-7, ஷார்லட் 5-7, மேரிலாண்ட் 4-8, நார்த்வெஸ்டர்ன் 4-8, நெப்ராஸ்கா 6-6, மிச்சிகன் ஸ்டேட் 5-7, வாஷிங்டன் 6-6, மிச்சிகன் 7-5, ஒஹாயோ ஸ்டேட் 10-2, பர்டியூ 1-11.

கூட்டினால் 57-75, அதாவது 0.432. இங்கே நிறுத்தாதீர்கள். இந்தத் தோல்விகளில் பத்து இண்டியானாவே கொடுத்தவை. ஜெயித்ததற்காகவே அட்டவணை லேசானதாகக் காட்டப்படுவது அநியாயம். இண்டியானாவோடு ஆடியவற்றை நீக்கினால் 56-65, அதாவது 0.463. நீக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் தரவரிசையில் பல இடங்களை நகர்த்தும். எந்தத் தளத்தின் எண்ணைப் பார்த்தாலும், அந்த அணியோடு ஆடியவை நீக்கப்பட்டனவா என்று முதலில் கேளுங்கள்.

பன்னிரண்டாவது எதிரணி வெஸ்டர்ன் இல்லினாய், எஃப்சிஎஸ் அணி. முடிவு 77-3. இந்த எளிய முறையில் அதை எங்கே வைப்பது என்பதற்கு நல்ல பதிலே கிடையாது. சேர்க்காமல் விட்டால் மிகப் பலவீனமான எதிரணி கணக்கிலிருந்தே மறைந்துபோய், ஆடிய அணிக்கு லாபம். சேர்த்தால், எஃப்சிஎஸ்ஸில் வாங்கிய வெற்றிக்கு எஃப்பிஎஸ் வெற்றியின் மதிப்பு வந்துவிடும்.

இன்னும் பெரிய ஓட்டை வேறு. கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். பலமான எஸ்இசி கான்ஃபரன்ஸ் ஆனாலும் சரி, சிறிய மேக் ஆனாலும் சரி, உள்ளுக்குள் கூட்டினால் சரிபாதிதான் வரும். பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ உள் ஆட்டங்கள் என்பதால், எல்லோருடைய எண்ணும் 0.500-ஐச் சுற்றியே வந்து குவியும். பிளேஆஃபுக்கு முன் இறுதிப்போட்டி அணிகளைத் தேர்ந்தெடுத்த பழைய பிசிஎஸ் முறையின் சூத்திரத்தில் எதிரணிகளின் விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுக்கு ஒரு பங்கு என்று சேர்த்தார்கள். கொஞ்சம் உதவும், ஓட்டை அடையாது.

ஒரே கான்ஃபரன்ஸுக்குள் இரண்டு அணிகளை ஒப்பிட இந்த முறை போதும். அதற்கு வெளியே போகாதீர்கள்.

5. ரேட்டிங் வழி

ஒவ்வோர் அணிக்கும் பாயிண்ட் கணக்கில் ஒரு மதிப்பு வேண்டும். +10 என்றால் சராசரி எஃப்பிஎஸ் அணியை நடுநிலை மைதானத்தில் பத்துப் பாயிண்டில் ஜெயிக்கும் என்று பொருள். விதி ஒன்றே ஒன்று:

ரேட்டிங் = சராசரி வித்தியாசம் + எதிரணிகளின் சராசரி ரேட்டிங்.

எதிரணியின் ரேட்டிங்குக்கும் அதன் எதிரணிகள் வேண்டும், அவற்றுக்கும் வேறு அணிகள் வேண்டும். அதனால் சுற்றிச் சுற்றிப் போடவேண்டும்:

- சொந்த மைதானத்தில் ஆடியிருந்தால் வித்தியாசத்திலிருந்து 2.5 கழியுங்கள், வெளியூர் என்றால் 2.5 கூட்டுங்கள், நடுநிலைக்கு ஒன்றும் வேண்டாம்.
- வித்தியாசத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். நான் 28 வைக்கிறேன். 77-3 என்றாலும் 28தான்.
- முதல் சுற்றில் எல்லோருக்கும் ரேட்டிங் பூஜ்யம். மேலே உள்ள விதியைப் போடுங்கள்.
- வந்த எண்களை அடுத்த பத்தியில் எதிரணி ரேட்டிங்காகப் பயன்படுத்தி மறுபடி போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மொத்தச் சராசரியைக் கழித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.
- எண்கள் ஆடாமல் நிற்கும்வரை தொடருங்கள். முழு சீசன் தரவு என்றால் முப்பது சுற்றுக்குள் நின்றுவிடும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் 'சுழல் கணக்கை அனுமதி' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை நம்பவேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு பத்தி என்று வைத்தால், எங்கே தவறு நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எஃப்சிஎஸ் அணிகள் எல்லாவற்றையும் 'எஃப்சிஎஸ்' என்ற ஒற்றை அணியாக மாற்றிவிடுங்கள். அது தானாகவே பட்டியலின் அடியில் போய் உட்காரும். 28 வரம்பு அதற்கும் பொருந்துவதால் உண்மையைவிடக் கொஞ்சம் மேலேயே தெரியும், பரவாயில்லை. 2024-இல் எஃப்சிஎஸ்ஸின் உச்சத்தில் இருந்த நார்த் டக்கோட்டா ஸ்டேட் போன்றவர்களை மட்டும் தனி வரியாக வைக்கலாம்.

இப்போது எதிரணிகளின் சராசரி ரேட்டிங்கே உங்கள் முதல் உருப்படியான எஸ்ஓஎஸ். இதில் கான்ஃபரன்ஸ் ஓட்டை பெருமளவு அடைபடும். ஆனால் எதனால் அடைபடுகிறது என்று பாருங்கள்: கான்ஃபரன்ஸ்களை இணைப்பவை பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும் ஒருசில வெளி ஆட்டங்கள்தான். 2024 செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று நோட்ர டேமை வீழ்த்தியது. அந்த ஒரு முடிவு நார்தர்ன் இல்லினாயோடு ஆடிய மேக் அணிகள் எல்லாவற்றையும் லேசாகத் தூக்கிவிட்டது. கணக்கின் கூரை முழுவதும் இப்படிச் சில தூண்களில்தான் நிற்கிறது. இதை மனதில் வைத்தால், எஸ்ஓஎஸ்ஸில் அரைப் பாயிண்ட் வித்தியாசத்துக்காக யாரோடும் சண்டை போட மாட்டீர்கள்.

இந்தப் படியில் மூன்று பொறிகள்.

தரவரிசை எண்களைச் சராசரி எடுக்காதீர்கள், ரேட்டிங்கைத்தான் எடுக்கவேண்டும். முதல் இடத்துக்கும் 20-ஆவது இடத்துக்கும் உள்ள தூரம், 60-க்கும் 80-க்கும் உள்ளதைவிட மிகப் பெரியது. நடுவில் அணிகள் நெருக்கியடித்து நிற்கும்.

வாராந்தர வாக்கெடுப்புத் தரவரிசையில் எதிரணிக்கு ஆடிய அன்று இருந்த இடத்தைப் பயன்படுத்தாதீர்கள். 2024 ஆகஸ்ட் 24 அன்று ஜார்ஜியா டெக் டப்ளினில் 10-ஆம் இடத்திலிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை 24-21 என்று ஜெயித்தது. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் சீசனை 2-10 என்று முடித்தது. டிசம்பர் கணக்கில் அது 10-ஆம் இடத்து அணியை வென்றதாக இருக்கக்கூடாது.

ஐந்தாவது வாரத்துக்கு முன் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அணிகளுக்கு இடையே போதுமான தொடர்பு இருக்காது, எண்கள் கன்னாபின்னாவென்று பறக்கும். செப்டம்பரிலேயே எஸ்ஓஎஸ் வெளியிடும் தளங்கள் போன ஆண்டு ரேட்டிங்கையும் ஆட்சேர்ப்புத் தரத்தையும் கலந்துதான் தருகின்றன. பொறுக்க முடியாதவர்கள் கோலி முறையைப் பார்க்கலாம். பாயிண்ட் வித்தியாசமே இல்லாமல் வெற்றி தோல்வி மட்டும் வைத்துப் போடுவது, ஆட்டம் குறைவாக இருந்தாலும் உடையாது.

6. யாருக்குக் கடினம் என்று பாருங்கள்

சராசரி எடுத்தவுடன் ஒரு முக்கியமான விஷயம் தொலைந்துபோகிறது. இரண்டே ஆட்டம் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொள்வோம்.

அட்டவணை அ: ஒரு எதிரணி +25, மற்றது −15.
அட்டவணை ஆ: இரண்டு எதிரணிகளும் +5.

சராசரி இரண்டுக்கும் +5. 5-ஆம் படியின் எஸ்ஓஎஸ் இவற்றைச் சமம் என்று சொல்லிவிடும். இப்போது வெற்றி வாய்ப்பைப் போடுங்கள்: இரண்டு ரேட்டிங்குகளின் வித்தியாசத்தை 16-ஆல் வகுத்து, ஷீட்ஸில் உள்ள நார்ம் எஸ் டிஸ்ட் சூத்திரத்தில் போட்டால் வாய்ப்பு வந்துவிடும். கல்லூரி ஃபுட்பாலில் முடிவுகள் எதிர்பார்ப்பிலிருந்து சிதறும் அளவு சுமார் 16 பாயிண்ட், அதனால்தான் அந்த எண்.

+25 மதிப்புள்ள உச்ச அணி, 'அ'வில் எதிர்பார்க்கக்கூடிய வெற்றிகள் 1.49. 'ஆ'வில் 1.79. அதற்கு 'அ'தான் கடினம்.

பூஜ்ய மதிப்புள்ள சராசரி அணி, 'அ'வில் 0.88. 'ஆ'வில் 0.75. அதற்கு 'ஆ'தான் கடினம்.

ஒரே இரண்டு அட்டவணைகள், விடை தலைகீழ். வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி மட்டும் பயங்கரமாக இருந்தால் முதல் ரேங்க் மாணவனுக்குத்தான் நஷ்டம், பாஸ் மார்க் போதும் என்பவன் அதை விட்டுவிட்டுப் போய்விடுவான். தளங்களின் எஸ்ஓஎஸ் எண்கள் ஒத்துப்போகாததற்கு எனக்குத் தெரிந்து முதல் காரணம் இதுதான். யாரை அளவுகோலாக வைத்தோம் என்று பலர் சொல்வதில்லை.

செய்யவேண்டியது: ஓர் அளவுகோல் அணியைத் தேர்ந்தெடுங்கள். பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணிகளின் நாக்-அவுட் போட்டி) பற்றிப் பேசுகிறீர்கள் என்றால், உங்கள் பட்டியலில் 12-ஆம் இடத்து அணியின் ரேட்டிங் பொருத்தமானது. பவுல் தகுதியான ஆறு வெற்றி பற்றிய பேச்சு என்றால் பூஜ்யத்தை வையுங்கள். அந்த அளவுகோல் அணி ஒவ்வோர் எதிரணியோடும், அதே மைதானத்தில் ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும் என்று கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்தால் அட்டவணை கடினம். சொந்த மைதானத்துக்கு மறக்காமல் 2.5 சேர்க்கவேண்டும். பன்னிரண்டில் ஏழு ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடும் அணிக்கும் ஆறு ஆடும் அணிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிந்துவிடும்.

7. அட்டவணையோடு நிறுத்தாமல் பதிவையும் அளவிடுங்கள்

கடினமான அட்டவணை ஆடினார்கள் என்பதற்காக மட்டும் யாரையும் பாராட்ட முடியாது. ஆடி என்ன செய்தார்கள்? உண்மையான வெற்றிகளிலிருந்து 6-ஆம் படியின் எதிர்பார்ப்பைக் கழியுங்கள். 11 ஜெயித்த அணியின் அட்டவணையில் அளவுகோல் அணி 10.2 ஜெயித்திருக்கும் என்றால் +0.8. 9 ஜெயித்த அணிக்கு எதிர்பார்ப்பு 8.7 என்றால் +0.3. முதலாமவர் மேலே. ஈஎஸ்பிஎன்னின் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட்' இதே யோசனைதான்: முதல் 25-இல் உள்ள ஒரு சராசரி அணி இதே பதிவையோ இதைவிட நல்லதையோ எட்டியிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது.

பிளேஆஃப் தேர்வுக் குழுவும் 2025 ஆகஸ்டில் இந்தப் பக்கம் நகர்ந்தது. பலமான எதிரணிகளோடு ஆடும் ஆட்டங்களுக்கு அட்டவணை அளவில் கூடுதல் எடை கொடுத்தார்கள். 'ரெக்கார்ட் ஸ்ட்ரெங்த்' என்ற புது அளவையும் சேர்த்தார்கள். அதில் நல்ல அணியை வென்றால் பரிசு, நல்ல அணியிடம் தோற்றால் சின்ன அபராதம், பலவீனமான அணியை வென்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அதனிடம் தோற்றால் பலமான அடி. ஆனால் குழுவில் உட்காருபவர்கள் மனிதர்கள். எண்களைப் பார்த்துவிட்டு வாக்களிப்பார்கள், எண்கள் அவர்களுக்காக வாக்களிப்பதில்லை. 2023-இல் 13-0 என்று வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை வெளியே விட்டு, 12-1 இருந்த டெக்சாஸையும் அலபாமாவையும் எடுத்தார்கள். அதில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) காயமடைந்ததும் ஒரு காரணம். எந்த எஸ்ஓஎஸ் பத்தியிலும் அது வராது.

8. எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது

சனிக்கிழமை ஆட்டங்கள் இந்திய நேரப்படி ஞாயிறு மதியத்துக்குள் முடிந்துவிடும், ஹவாயில் நடப்பது உட்பட. அன்று மாலை கோப்பை இறக்கினால் சில முடிவுகள் விடுபட்டிருக்கலாம். திங்கட்கிழமை இறக்குவது பத்திரம். குழுவின் தரவரிசை நவம்பர் தொடக்கத்திலிருந்து வாரந்தோறும் வரும், வழக்கமாகச் செவ்வாய் இரவு. அதற்கு முன் உங்கள் எண் தயாராக இருந்தால்தான் சுவாரசியம்.

கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டி வாரத்தில் ஒரு கவனம். சிலருக்கு 13 ஆட்டம், மற்றவர்களுக்கு 12. கூடுதல் ஆட்டத்தில் தோற்றவரை வெறும் தோல்வி எண்ணிக்கையை வைத்து எடை போடாமல், 7-ஆம் படியின் கழித்தலைப் பாருங்கள். 2024-இல் எஸ்எம்யு ஏசிசி இறுதியில் கிளெம்சனிடம் 34-31 என்று தோற்று 11-2 ஆனது. ஆனாலும் பிளேஆஃபுக்குள் வந்தது, 9-3 அலபாமா வெளியே போனது. பலமான எதிரணியிடம் மூன்று பாயிண்டில் தோற்றால் அந்தக் கணக்கில் இறங்குவது கொஞ்சம்தான்.

டிசம்பர் தொடக்கத்து ஞாயிறன்று பிளேஆஃப் பட்டியல் வெளியாகும். அதற்கு முன்தின நிலவரத்தைத் தனி நகலாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டுவிடுங்கள். பவுல் ஆட்டங்கள் தொடங்கியதும் எல்லா எதிரணிகளின் ரேட்டிங்கும் மறுபடி அசையும். ஜனவரியில் யாராவது "குழு தப்பு பண்ணிடுச்சு" என்று வந்தால், குழு முடிவெடுத்த அன்று இருந்த எண்களைக் காட்ட அந்த நகல்தான் கையில் இருக்கவேண்டும்.